இலைவெட்டி எறும்பு அரசி வளர்ப்பின் வரலாறு

இலைவெட்டி எறும்பு அரசி வளர்ப்பு என்பது, புற்றை விட்டுப் பறந்து வந்து தரையில் இறங்கும் இளம் அரசி எறும்பைப் பிடித்து, கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கலத்தில் குடிவைத்து, அதிலிருந்து ஒரு முழு எறும்புக் கூட்டத்தை உருவாக்கும் பொழுதுபோக்கு ஆகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சஸ், அரிசோனா மாநிலங்களில் இவ்வெறும்புகள் இயற்கையாகவே வாழ்வதால், அங்குள்ள ஆர்வலர்கள் அரசிகளைத் தாமே தேடிப் பிடிக்கின்றனர். ஐரோப்பாவில் இவை இயற்கையில் இல்லை. அங்குள்ளவர்கள் ஏற்கெனவே வளர்ந்த கூட்டங்களை விலைக்கு வாங்குகின்றனர்.

மற்ற எறும்புகளை வளர்ப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீரும் சிறு பூச்சிகளும் பெரும்பாலும் போதும். இலைவெட்டி எறும்பை வளர்ப்பவர் எறும்போடு சேர்த்து ஒரு பூஞ்சைத் தோட்டத்தையும் காப்பாற்றியாக வேண்டும். தோட்டம் அழிந்தால் எறும்பும் அழியும். அந்தத் தோட்டம் எது, அது எங்கிருந்து வருகிறது என்பவற்றை அறிவியலார் கண்டறிய 1874 முதல் 1905 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தக் கண்டுபிடிப்புகளின் மேல்தான் இன்றைய பொழுதுபோக்கு நிற்கிறது.

எறும்பும் அதன் தோட்டமும்

இலைவெட்டி எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியவை. தெற்கே அர்ஜென்டினா முதல் வடக்கே அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி வரை பரவியுள்ளன. அட்டா, அக்ரோமிர்மெக்ஸ் என்பன இவற்றின் முதன்மையான இரு பேரினங்கள்.

வேலைக்கார எறும்புகள் மரம் செடிகளில் ஏறி, இலையை வட்டவட்டமாகக் கத்தரித்து, துண்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சாரைசாரையாகப் புற்றுக்குத் திரும்பும். இலைச் சாற்றை அவை உறிஞ்சுவதுண்டு, இலையைத் தின்பதில்லை. புற்றுக்குள் அதை மென்று கூழாக்கி, அந்தக் கூழின் மேல் ஒருவகை வெண்பூஞ்சையைப் பயிரிடுகின்றன. பார்ப்பதற்குக் கடற்பஞ்சு போல இருக்கும் இந்தத் திரளே பூஞ்சைத் தோட்டம். பூஞ்சை இழைகளின் நுனியில் சத்து நிறைந்த சிறு உருண்டைகள் பருத்து நிற்கும். எறும்பின் புழுக்களுக்கு அவையே உணவு.

அட்டா கூட்டம் ஒன்றில் பல லட்சம் வேலைக்கார எறும்புகள் இருக்கலாம். அத்தனைக்கும் தாய் ஒரே அரசி. அவள் வாழ்நாளில் ஒரே ஒரு பருவத்தில்தான் ஆண் எறும்புகளுடன் கூடுகிறாள். அப்போது உடலில் சேமித்த விந்தணுக்களைக் கொண்டே பத்து ஆண்டுகளுக்கும் மேலாக முட்டையிடுகிறாள். ஓர் அரசியின் சேமிப்பில் 20 கோடிக்கும் அதிகமான விந்தணுக்கள் இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர் வார்விக் கெர் 1961-இல் கணக்கிட்டுக் காட்டினார். எனவே ஓர் அரசியைப் பிடிப்பவர், உருவாகப்போகும் ஒரு முழுக் கூட்டத்தையே கையில் எடுத்தவர் ஆகிறார்.

உணவுக்காகப் பிடித்தவர்கள்

அரசி எறும்பைப் பிடிக்கும் பழக்கம் அறிவியலுக்கும் பொழுதுபோக்குக்கும் முந்தியது. மழை தொடங்கியதும் புற்றுகளிலிருந்து இறக்கை முளைத்த அரசிகளும் ஆண்களும் கூட்டமாகக் கிளம்பி வானில் கூடும். இதை மணப்பறப்பு என்பர். கீழே இறங்கும் அரசிகளின் வயிறு கொழுப்பால் பருத்திருக்கும்.

கொலம்பியாவின் சாந்தாண்டேர் பகுதி மக்கள் இந்த அரசிகளைப் பொறுக்கி, உப்பிட்டு வறுத்துத் தின்கின்றனர். ஐரோப்பியர் வருகைக்கு முன்பே அங்கு வாழ்ந்த குவானே மக்களிடமிருந்து வந்த வழக்கம் இது. மெக்சிகோவின் வாகாக்கா மாநிலத்தில் இவற்றைச் சிக்கத்தானா என்று அழைத்து, வறுத்து மிளகாயோடு கல்லில் அரைத்துத் துவையல் செய்கின்றனர். பிரேசிலில் இசா எனப்படும் அரசியை வறுத்து மரவள்ளிக் கிழங்கு மாவோடு கலந்து உண்பதுண்டு.

எந்த மழைக்குப் பின், எந்த நேரத்தில், எந்தப் புற்றிலிருந்து எறும்பு கிளம்பும் என்பதை இம்மக்கள் துல்லியமாக அறிந்திருந்தனர். இன்றைய ஆர்வலர்கள் பறப்பு நாளைக் கணிக்கப் பயன்படுத்துவதும் மழை, வெப்பம், மாதம் பற்றிய இதே வகை அறிவைத்தான்.

இலைகள் எதற்கு?

பயிர் செய்பவருக்கு இந்த எறும்பு பகையாகவே இருந்தது. ஒரே இரவில் ஒரு மரத்தை மொட்டையடித்துவிடும். பிரேசில் எறும்பை ஒழிக்காவிட்டால் எறும்பு பிரேசிலை ஒழித்துவிடும் என்ற பொருளில் அந்நாட்டில் ஒரு வழக்குமொழி உண்டு. 1816 முதல் 1822 வரை அங்கு பயணம் செய்த பிரெஞ்சுத் தாவரவியலார் சான் இலேர் அதைக் கூறியதாகச் சொல்வர்.

வெட்டிய இலையை எறும்பு என்ன செய்கிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அமேசான் காட்டில் பதினோர் ஆண்டுகள் கழித்த ஆங்கில இயற்கையியலார் ஹென்றி வால்டர் பேட்ஸ், புற்றின் கூரையை வேய்வதற்கே இலை பயன்படுகிறது என்று 1863-இல் எழுதினார்.

விடை நிகரகுவாவிலிருந்து வந்தது. அங்கு சொந்தாலெஸ் பகுதித் தங்கச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த தாமஸ் பெல்ட், தம் தோட்டத்து மரங்களை அழித்த எறும்புகளோடு போராட நேர்ந்தது. புற்றுக்குள் கார்பாலிக் அமிலக் கரைசலை ஊற்றினார். புற்றைத் தோண்டியும் பார்த்தார். அறைகளில் இலைக் குவியல் இல்லை. பழுப்பு நிறப் பஞ்சு போன்ற பொருளும் அதை இணைத்து நின்ற வெண்பூஞ்சையும் இருந்தன. புற்று கலைந்தபோது எறும்புகள் அந்தப் பொருளைக் கவனமாக வேறிடத்துக்குச் சுமந்து சென்றன. இலை எருவாகவே பயன்படுகிறது, எறும்பின் உணவு அதில் வளரும் பூஞ்சையே என்று அவர் 1874-இல் வெளிவந்த தம் நிகரகுவா நூலில் எழுதினார். அதே ஆண்டில், பிரேசிலில் வாழ்ந்த ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் முல்லரும் தனியே இதே முடிவுக்கு வந்திருந்தார்.

இதை உறுதி செய்தவர் ஆல்ஃபிரட் மோல்லர். பிரேசிலின் புளூமனாவு ஊரில் தங்கி ஆராய்ந்த அவர் 1893-இல் தம் நூலை வெளியிட்டார். பூஞ்சை இழை நுனியில் பருத்திருக்கும் உருண்டைகளை எறும்பு தின்பதை அவர் கண்டார். அவற்றின் வடிவத்தைப் பார்த்து, நம் சந்தையிலும் கிடைக்கும் நூல்கோலின் பெயரையே அவற்றுக்கு இட்டார்.

வாயில் சுமந்து வந்த விதை

இப்போது வேறொரு கேள்வி எழுந்தது. பழைய புற்றில் தோட்டம் இருக்கிறது. புதிதாகப் பறந்து வந்து வெறும் மண்ணில் குழி தோண்டும் அரசிக்குத் தோட்டம் எங்கிருந்து கிடைக்கிறது?

சாவோ பாவ்லோ அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஹெர்மன் ஃபான் இஹெரிங் 1898-இல் இதற்கு விடை கண்டார். எறும்பின் வாய்க்குள் அடிப்பக்கம் ஒரு சிறு பை உண்டு. மணப்பறப்புக்குக் கிளம்பும் அரசி, தாய்ப்புற்றின் பூஞ்சையில் ஒரு சிறு உருண்டையை இந்தப் பையில் வைத்துக்கொண்டே பறக்கிறாள். குழி தோண்டி முடிந்ததும் அதை வெளியே உமிழ்ந்து பயிராக்குகிறாள். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தாய் முந்தானையில் விதைநெல் முடிந்து அனுப்பியது போன்றது இது.

ஆனால் இலை வெட்ட ஒரு வேலைக்கார எறும்பும் இல்லாத நிலையில் அந்த உருண்டை எதை உண்டு வளரும்? அரசி தன் முட்டைகளை நசுக்கி எருவாக இடுகிறாள் என்ற கருத்து அப்போது நிலவியது. அமேசான் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள பெலெம் நகர அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த சுவிஸ் தாவரவியலார் யாக்கோப் ஹூபர், பிடித்த அட்டா செக்ஸ்டென்ஸ் அரசிகளைக் கலங்களில் குடிவைத்து நாள்தோறும் கவனித்தார். அரசி, பூஞ்சையில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, தன் உடலின் பின்முனைக்குக் கொண்டுபோய், அதில் ஒரு துளிக் கழிவுநீரைப் படியச் செய்து, மீண்டும் தோட்டத்தில் நட்டுவைப்பதை அவர் கண்டார். முட்டை எருவாகவில்லை. அரசியின் கழிவே முதல் எரு.

ஹூபர் 1905-இல் வெளியிட்ட இக்கட்டுரை, காட்டில் பிடித்த இலைவெட்டி அரசியைக் கலத்தில் வைத்து, தொடக்கம் முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும் வரை பின்தொடர்ந்த முன்னோடிப் பதிவு. அரசி இடும் முட்டைகளில் பெரும்பகுதி அவளுக்கும் முதல் புழுக்களுக்குமே உணவாவதையும் அவர் பதிவு செய்தார். ஏறத்தாழ 40 முதல் 60 நாள்களில் முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவருகின்றன. அதுவரை அரசி வெளியே செல்வதில்லை. தோட்டத்துப் பூஞ்சையையும் தனக்கென உண்பதில்லை. உடற்கொழுப்பும், இனிப் பயன்படாத இறக்கைத் தசைகளும் கரைந்து அவளைக் காக்கின்றன.

கண்ணாடிக்குள் எறும்பு

எறும்பைக் கலத்தில் வைத்துப் பார்க்கும் முறை ஐரோப்பாவில் முன்பே வளர்ந்திருந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த பியர் ஹூபர் (பெலெம் ஹூபர் வேறு) 1810-இல் வெளியிட்ட நூலில் செயற்கைக் கூடுகளில் எறும்புகளைக் கவனித்ததை விவரித்தார். இங்கிலாந்தின் ஜான் லப்பக், இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய மண் பரப்பி எறும்புகளை வாழவைத்தார். அவரிடம் இருந்த ஓர் அரசி ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்து 1888-இல் இறந்தது. பிரான்சின் சார்ல் ஜானே, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அறைகள் குடைந்து, ஒரு பக்கம் நீர் ஊற்றி ஈரம் காக்கும் கூட்டை உருவாக்கினார். இன்று ஆர்வலர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டர் கூடுகளுக்கு அதுவே முன்மாதிரி.

வீட்டு விளையாட்டுப் பொருளாக எறும்புப் பண்ணை அமெரிக்காவில் 1956 முதல் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது. இரு பிளாஸ்டிக் தகடுகளுக்கு இடையே மணல். அதில் சில வேலைக்கார எறும்புகள். அரசி கிடையாது. எனவே சில மாதங்களில் அந்தக் கூட்டம் முடிந்துபோகும். அரசியோடு தொடங்கி ஆண்டுக்கணக்கில் வளர்ப்பதே இன்றைய எறும்பு வளர்ப்பை அந்த விளையாட்டுப் பொருளிலிருந்து வேறுபடுத்துகிறது.

ஆய்வகம் கற்பித்த பாடங்கள்

இலைவெட்டி எறும்பை நெடுங்காலம் வளர்க்கும் முறையைச் செம்மை செய்தவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் சாவோ பாவ்லோ உயிரியல் நிலையத்தின் மாரியோ அவுத்துவோரி. பயிர்ப் பாதுகாப்புக்காக 1940-களில் அவர் புற்றுகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் அளந்தார். ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு புற்றைத் தோண்டியபோது 1,920 அறைகள் இருந்தன. எறும்புகள் வெளியே கொண்டுவந்து கொட்டியிருந்த மண் ஏறத்தாழ 40 டன்.

புது அரசிகளின் கதி என்ன என்பதும் இத்தகைய ஆய்வுகளில் தெரியவந்தது. பிரேசிலில் எண்ணப்பட்ட 3,558 இளம் அட்டா செக்ஸ்டென்ஸ் புற்றுகளில் மூன்று மாதங்களுக்குப் பின் உயிரோடு இருந்தவை 90 மட்டுமே. பறவை, எறும்புண்ணும் பிற விலங்குகள், வெள்ளம், பூஞ்சை வாடுதல் எனப் பல காரணங்கள். காட்டில் நூற்றுக்கு மூன்று கூடத் தேறவில்லை.

மற்றவர் அமெரிக்கரான நீல் வெபர். 1930-கள் முதல் பல நாடுகளில் பூஞ்சை வளர்க்கும் எறும்புகளைத் திரட்டி, ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஒளிபுகும் பெட்டிகளில் ஆண்டுக்கணக்கில் வாழவைத்தார். அவருடைய அனுபவம் முழுவதும் 1972-இல் தோட்டக்கார எறும்புகள் பற்றிய நூலாக வந்தது. தோட்டத்துக்கு ஓர் அறை, இலை வைக்க ஓர் அறை, கழிவுக்கு ஓர் அறை எனப் பிரித்து, குழாயால் இணைக்கும் இன்றைய அமைப்பை இத்தகைய ஆய்வகப் பெட்டிகளின் தொடர்ச்சி எனலாம். உயிரியல் பூங்காக்களின் பூச்சிக் கூடங்களில் காட்சிக்கு வைக்கப்படும் இலைவெட்டிக் கூட்டங்களும் இவ்வகைப் பெட்டிகளிலேயே வாழ்கின்றன.

பொழுதுபோக்காக மாறியபின்

இணையம் பரவிய பின், ஆய்வகத்துக்குள் இருந்த இந்த அறிவு பொதுமக்களிடம் வந்தது. டெக்சஸில் வாழும் அட்டா டெக்சானா, ஏப்ரல் முதல் ஜூன் வரை, மழைக்குப் பிந்தைய நாள்களில் விடியலுக்கு முன் இருளில் பறக்கும். விளக்கொளிக்கு வரும் அரசிகளை ஆர்வலர்கள் பொறுக்குகின்றனர். இறக்கையை உதிர்த்த அரசியே ஏற்றது. கூடல் முடிந்ததற்கு அது ஓர் அடையாளம்.

பிடித்த அரசியை ஈரப் பிளாஸ்டர் இட்ட சிறு கலத்தில் வைத்து, இருட்டில், அதிராமல், ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் விட்டுவிட வேண்டும். முதல் சில நாள்களில் அவள் பூஞ்சை உருண்டையை உமிழ்ந்தாளா என்று பார்ப்பதே முதல் சோதனை. அடிக்கடி திறந்து பார்த்தால் அரசி கலங்கித் தோட்டத்தைக் கைவிடக்கூடும். உருண்டையை இழந்த அரசிக்கு, அதே இனத்தின் வேறொரு கூட்டத்திலிருந்து சிறிது பூஞ்சையைக் கொடுத்துக் காப்பாற்றுவதும் உண்டு.

அரிசோனா பாலைவனத்தின் அக்ரோமிர்மெக்ஸ் வெர்சிகலர் வேறு வகை. கோடை மழைக்குப் பின் பறக்கும் இதன் அரசிகள் பல, மரத்தடியில் ஒரே குழியில் சேர்ந்து குடியேறும். அவற்றில் ஓர் அரசி மட்டும் வெளியே சென்று இலை கொண்டுவரும். உறவற்ற மற்ற அரசிகளுக்காக ஒன்று ஆபத்தை ஏற்கும் இந்த நடத்தையை 1989-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். எனவே இந்த இனத்தை வளர்ப்பவர் தொடக்கம் முதலே இலை வைக்க வேண்டும். அட்டா அரசிக்கு வைத்தது போல அடைத்து வைத்தால் பட்டினியில் மாளும்.

கூட்டம் பெருகியபின் நாள்தோறும் இலை தேவை. பிரிட்டனில் குளிர்காலத்திலும் பசுமை மாறாத முள்ளிச்செடி இலைகளும், வேலிச்செடிகளும், ரோஜா இலைகளும் பயன்படுகின்றன. பூச்சிமருந்து பட்ட இலை ஒன்று போதும், தோட்டம் கருகிவிடும். எறும்புகளே தோட்டத்தை ஓயாமல் களையெடுக்கின்றன. எஸ்கோவோப்சிஸ் என்னும் ஒட்டுண்ணிப் பூஞ்சை தோட்டத்தைத் தாக்குவதையும், சில எறும்புகளின் உடலில் வெண்மாவாகப் படியும் பாக்டீரியா அதை எதிர்க்கும் மருந்தைச் சுரப்பதையும் கேமரன் கர்ரியும் அவர் குழுவினரும் 1999-இல் அறிவித்தனர். கூட்டம் சிறியதாகவும் தோட்டம் ஒரு நெல்லிக்காய் அளவாகவும் இருக்கும் காலமே மிக ஆபத்தானது. தோட்டத்தைக் காக்கப் போதிய எறும்புகள் அப்போது இருப்பதில்லை.

சட்டமும் பொறுப்பும்

ஓர் அரசி முழுக் கூட்டத்தையும் அதன் தோட்டத்தையும் சுமந்து வருகிறாள் என்பதே இந்தப் பொழுதுபோக்கைச் சாத்தியமாக்கியது. அதுவே அதன் ஆபத்தும் ஆகும். கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் இலைவெட்டி எறும்பு இயற்கையாக இல்லை. 1954 வாக்கில் அக்ரோமிர்மெக்ஸ் ஆக்டோஸ்பினோசஸ் எப்படியோ அங்கு வந்து சேர்ந்தது. பின்னர் தீவு முழுவதும் பரவிப் பயிருக்கும் காட்டுக்கும் கேடாயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அரசி எறும்பை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்ப வேளாண்மைத் துறையின் அனுமதி வேண்டும். இந்தியாவிலும் உயிருள்ள பூச்சிகளை இறக்குமதி செய்ய, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி அனுமதி தேவை.

அரசி எறும்புகளுக்கான சந்தை வளர்ந்ததால் கடத்தலும் வளர்ந்தது. 2025 ஏப்ரலில் கென்யாவில் ஏறத்தாழ 5,000 அரசி எறும்புகள், பஞ்சு அடைத்த சிறு குழாய்களில் பிடிபட்டன. அவை இலைவெட்டிகள் அல்ல. தானியம் சேர்க்கும் ஆப்பிரிக்க எறும்புகள். குற்றவாளிகள் நால்வருக்கும் மே மாதம் தலா 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. பிடிக்கப்படும் ஒவ்வோர் அரசியும் அந்த நிலத்தில் உருவாகாமல் போகக்கூடிய ஒரு கூட்டம் என்பதால், இவ்வழக்கு கவனத்தோடு பார்க்கப்பட்டது.

ஈசலோடு ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இலைவெட்டி எறும்பு இல்லை. மாமர இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு இலையை வெட்டுவதில்லை. ஆயினும் பூஞ்சை பயிரிடும் பூச்சி நம் மண்ணிலும் உண்டு. அது கறையான். முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசல், கறையானின் மணப்பறப்பே. ஈசலைப் பிடித்து வறுத்து, அரிசிப் பொரியோடு தின்ற வழக்கம் நம் கிராமங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இலைவெட்டி அரசி விதையைத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவருகிறாள். பூஞ்சை பயிரிடும் கறையான்களில் பெரும்பாலானவற்றின் ஈசல் வெறுங்கையோடு வருகிறது. அதன் முதல் வேலைக்காரக் கறையான்களே வெளியே சென்று பூஞ்சை வித்துகளைத் தேடிக் கொண்டுவருகின்றன. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் புற்றுக்காளான்தான் அந்த வித்துகளைப் பரப்புகிறது. ஈசலைப் பிடித்துக் கலத்தில் வைத்தால் தோட்டம் உருவாகாததற்கு இதுவே காரணம்.

எறும்பு வளர்ப்பில் ஆர்வமுள்ள நம் மாணவர்கள், வெளிநாட்டு அரசியை வரவழைக்காமல், மழைக்குப் பின் தம் ஊரில் இறக்கை உதிர்த்து நடமாடும் உள்ளூர் அரசி ஒன்றைச் சோதனைக் குழாயில் ஈரப் பஞ்சோடு வைத்துத் தொடங்கலாம். முதல் முட்டை, முதல் புழு, முதல் வேலைக்கார எறும்பு ஆகியவற்றின் தேதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். பெலெம் நகரில் யாக்கோப் ஹூபர் செய்ததும் அதுவே.